எச்.ஐ.வி. சோதனை பற்றி எமது சங்கத்தின் நிலைப்பாடு

மீஞ்சூர் முதல் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள் வரை எச்.ஐ.வி. சோதனையை யாருக்கு, எவ்விதம் செய்வது என்பது குறித்து எமது சங்கம் தன் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிக்கிறது: வயதுவந்த ஒவ்வொருவருக்கும் அச்சோதனை வீட்டருகே கிடைக்க வேண்டும், எவர் மீதும் அது திணிக்கப்படலாகாது.

1986ஆம் ஆண்டில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் சென்னையில் சேகரித்த இரத்தத்தில்தான் இந்நாட்டில் முதன்முதலாக இக்கிருமி கண்டறியப்பட்டது. அது பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தமாதலால், 'நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று குடும்பஸ்தர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கர்ப்பிணிகளுக்குச் சோதனை வழக்கமாகிவிட்ட இந்நாளிலும் கணவன்மார் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஊர்ப் பஞ்சாயத்தார் நல்லெண்ணத்துடனேயே கல்யாணத்துக்கு முன் சான்றிதழ் கேட்க முற்பட்டாலும் நாங்கள் அதை ஆட்சேபிப்போம். 2018 செப்டம்பர் 10 முதல் அமலிலுள்ள 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, சம்மதமின்றிச் சோதிப்பதைத் தடுக்கிறது என்பது ஒருபுறமிருக்க, கிருமி தொற்றிய முதற் சில வாரங்களில் சோதனையில் அது புலப்படாமலே போகலாமாதலால், அச்சான்றிதழை நம்பி நிம்மதியடைவதும் பேதைமையாகும்.

உண்மையான இடையூறு ரகசியமின்மையே. வலை பழுதுபார்ப்போர் கண்ணில் படாமல் குப்பத்தைவிட்டு எவரும் ஷேர் ஆட்டோ ஏற முடியாது. பொன்னேரியில் எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்து வாசலில் ஒருத்தி நின்றாளென்றால், அவள் திரும்புவதற்குள் சேதி ஊருக்கு வந்துவிடும். ஆகையால், ஏரியில் மீன்பிடிப் பாடு இல்லாத நாள் பார்த்து, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் பொது முகாமிலேயே, விரும்புவோர்க்கு விரல் நுனியில் ஒரு துளி இரத்தமெடுத்து இதையும் பார்த்துவிட வேண்டும். எடுத்துக்கொண்டவர், மறுத்தவர் யாவரையும் தனியறையில் ஆலோசகர் சந்தித்து அனுப்பினால், யார் எதற்குப் போனாரென்று எவரும் ஊகிக்க இயலாது. பணியாளர் அதே குப்பத்தைச் சேர்ந்தவராக இருத்தல் கூடாது. எம் ஊழியர்களிற் சிலருக்கு இது மனத்தாங்கலானாலும் மாற்ற மாட்டோம்.

முகாமில் கிருமி இருப்பதுபோல் தெரிந்தாலும் அது முடிவன்று. நம்பிக்கை மையத்தில் மூவகைச் சோதனைகளாலேயே உறுதி செய்யப்படும். உறுதியானால், 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில இடங்களில் தொடங்கிய இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை அன்றே ஆரம்பிக்கத்தக்கது. ஒழுங்காக உட்கொண்டு இரத்தத்தில் கிருமி அளவிட இயலாதபடி குறைந்தவரிடமிருந்து தாம்பத்தியத்தின் மூலம் அது பரவுவதில்லை.

காட்டுப்பள்ளி, எண்ணூர் வட்டாரத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர்களும் இச்சோதனையை நிபந்தனையாக்கலாகாது. அவ்விதம் கேட்கப்பட்டவர் 1097 என்ற இலவச எண்ணிலோ எமது சங்கத்திலோ முறையிடலாம், பெயர் வெளிவராது.