எளிய பாதையும் நம் பாதங்களும்



நம் பள்ளியில் நான் படித்த காலத்தில், சுற்றுலா செல்லும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு கட்டளை உண்டு: “வரிசையை விட்டு விலகாதே!” அருட்சகோதரி முன்னால் நடப்பார், நாங்கள் இருவர் இருவராகப் பின்னால் நடப்போம். ஒரு பூவைப் பார்க்கவோ, ஒரு பாறைமேல் ஏறவோ ஒருத்தி விலகினால் போதும், பெயர் சொல்லி அழைத்துவிடுவார். அதை அன்று நாங்கள் வெறும் கண்டிப்பு என்றே எண்ணி முணுமுணுத்தோம். அந்தக் கட்டளையின் பொருள், அறுபது வயதைக் கடந்த பின், தொலைதூரப் பாலைவனம் ஒன்றில்தான் எனக்கு விளங்கியது.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பைபிளில் ரூத்தின் நாடாக நாம் அறிந்த அதே பெயர்தான். அதன் அருகே ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா உள்ளது. 1929-இல் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாகவும், 1971-இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்ட செம்பாறைப் பாலைவனம் அது. இயற்கையே குடைந்த கல் வளைவுகள் அங்கே 2,000-க்கு மேல் உள்ளன. அடியில் புதைந்து கிடந்த தடித்த உப்புப் படுகை பாரம் தாங்காமல் நகர, மேலிருந்த மணற்பாறை விரிசல் கண்டது. விரிசல்களில் மழைநீர் இறங்கியது. குளிர்காலத்தில் அது பனிக்கட்டியாகி விரிந்து பாறையைச் சிறிது சிறிதாக உதிர்த்தது. இப்படிப் பிறந்தவையே அந்த வளைவுகள். பாறையிலுள்ள இரும்புத் துருவே அவற்றுக்குச் செந்நிறம் தந்தது.

மகள் குடும்பத்தோடு நான் அங்கே சென்றது ஓர் அக்டோபர் மாதம். முழங்கால் வலிக்காரியான எனக்கு ஏற்ற நடைகள் பல இருந்தன. ‘பேலன்ஸ்டு ராக்’ என்ற தொங்கு பாறையைச் சுற்றிவர அரை கிலோமீட்டர்தான். ‘விண்டோஸ்’ என்னும் சாளர வளைவுகளைச் சுற்ற ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். 112 அடி உயரமுள்ள ‘டபுள் ஆர்ச்’சின் அடிவரை பேரக்குழந்தைகளோடு பேசிக்கொண்டே போய் வந்துவிட்டேன். புகழ்பெற்ற ‘டெலிகேட் ஆர்ச்’சை மட்டும் கீழேயுள்ள பார்வையிடத்திலிருந்தே பார்த்தேன். அங்கே போய்வர ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். 480 அடி ஏற வேண்டும். வழியில் நிழலே கிடையாது.

இத்தகைய இடங்களில் சாலையும் எளிய நடைபாதையும் அமைப்பது சரியா என்று நெடுநாளாக ஒரு விவாதம் உண்டு. 1956, 1957-ஆம் ஆண்டுகளில் அங்கே காவலராகப் பணிபுரிந்த எட்வர்டு ஆபி என்ற எழுத்தாளர், பூங்காக்களுக்குள் மோட்டார் வண்டிகளைக் கொண்டுவருவதைக் கடுமையாக எதிர்த்து, 1968-இல் வெளியான தம் நூலில் எழுதினார். வண்டியை வெளியே விட்டுவிட்டு நடந்து வரட்டும் என்பது அவர் வாதம். அவர் அஞ்சியது வீணல்ல. 2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்தப் பூங்காவிற்கு 18 லட்சம் பேர் வந்தார்கள். நெரிசல் தாங்காமல் மறு ஆண்டு, நேரத்தை முன்பதிவு செய்துகொண்டு நுழையும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள்.

ஆயினும் நான் அவரோடு முழுவதும் உடன்பட மாட்டேன். படைப்பின் அழகு வலிய கால்களுக்கு மட்டும் உரியதா? என்னைப் போன்ற முதியவளும், நடை பழகும் குழந்தையும், சக்கர நாற்காலியில் வருபவரும் அதைக் காணக் கூடாதா? எளிய பாதைகள் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால், அந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. அதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

பாதையோரம் ஒரு சிறு திட்டு. அங்கே நின்றால் வளைவு முழுவதும் படத்தில் விழும் என்று தோன்றவே, நாலைந்து அடி உள்ளே போனேன். ஒன்பது வயதுப் பேத்தி பதறிப்போய்க் கத்தினாள்:

“அம்மாச்சி, அங்க நிக்காதீங்க! அது வெறும் மண்ணு இல்ல, உயிரோட இருக்கு!”

அன்று காலைதான் சிறுவர்களுக்காகப் பூங்காவில் கொடுக்கும் பயிற்சிப் புத்தகத்தை அவள் படித்திருந்தாள். குனிந்து பார்த்தேன். கருத்து, மேடும் பள்ளமுமாக, காய்ந்த அடை போலிருந்தது தரை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும், கற்பாசிகளும், பாசிகளும் சேர்ந்து மண்ணைப் பின்னிப் பிணைத்து உண்டாக்கிய மேலோடு அது. காற்றில் மண் பறக்காமல் காப்பது அது. அரிதாகப் பெய்யும் மழையைப் பிடித்து வைப்பது அது. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிகளுக்கு உரமாக்கித் தருவதும் அதுவே. ஒரு மிதியில் அது நொறுங்கிவிடும். மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும். என் காலடித் தடங்கள் அங்கே தெளிவாகப் பதிந்திருந்தன. நான் இறந்த பின்பும் அவை அங்கே இருக்கக்கூடும் என்று எண்ணியபோது வெட்கத்தால் தலைகுனிந்தேன். வந்த தடத்திலேயே மெல்லக் கால்வைத்துத் திரும்பினேன்.

“நான் ஒருத்திதானே, ஓர் அடிதானே” என்று நாம் சொல்கிறோம். 18 லட்சம் பேரும் அப்படியே சொன்னால்? பாதை என்பது நம்மைத் தடுக்கும் வேலி அல்ல. நம் எல்லோருடைய மிதியையும் ஒரே கோட்டில் தாங்கிக்கொண்டு, மற்ற நிலத்தைக் காப்பாற்றும் தியாகி. பாதை எளிதாக இருப்பதே அதைவிட்டு நாம் விலகாதிருப்பதற்காகத்தான். விலகியே ஆக வேண்டுமானால் வெறும் பாறையின் மேலோ, வெள்ளம் ஓடும் மணல் ஓடையிலோதான் கால்வைக்க வேண்டும்.

‘எளிது’ என்ற சொல்லுக்கு ‘கவலையின்றி’ என்றும் பொருள் கொள்ளக் கூடாது. அங்கே கோடையில் வெப்பம் 38 டிகிரி செல்சியசைத் தாண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறார்கள். பாறைகளும் நிலையானவை அல்ல. 306 அடி அகலமுள்ள ‘லேண்ட்ஸ்கேப் ஆர்ச்’சிலிருந்து 1991-இல் பெரும் பாறைப் பாளம் பெயர்ந்து விழுந்தது, அதன் அடியில் செல்லும் பாதையை மூடிவிட்டார்கள். 2008 ஆகஸ்டில் ‘வால் ஆர்ச்’ ஓர் இரவில் முழுவதுமாக இடிந்து வீழ்ந்தது. பாதையில் மக்கள் இல்லாத இரவு நேரமாயிற்றே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். மூடிய பாதையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இவற்றை நினைத்துப் பார்க்கட்டும்.

பெற்றோரே, பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அனுப்பும்போது பலகாரமும் கைச்செலவுக்குப் பணமும் மறவாமல் கொடுக்கிறீர்கள். “பார்த்து நட” என்பதோடு, “எதன்மேல் நடக்கிறாய் என்றும் பார்” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

தங்கைகளே, நாளை நீங்கள் மலைக்கோ, கடற்கரைக்கோ, காட்டிற்கோ செல்வீர்கள். வரிசையை விட்டு விலகாதே என்று ஒரு குரல் கேட்டால் முணுமுணுக்காதீர்கள். நமக்குப் பின்னால் வரும் சிறுமிக்கும் அந்த அழகு அப்படியே கிடைக்க வேண்டும் என்று கேட்கும் குரல் அது. ஆம், எளிய பாதையில் நடப்போம். ஆனால், பொறுப்போடு நடப்போமாக!

— ஒரு பழைய மாணவி