கடுகு ஏன் சிறுத்தது?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது” என்பது நம் முன்னோர் வாக்கு. காலை வழிபாட்டு வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்கும் மாணவிகளை இந்தப் பழமொழி சொல்லித் தேற்றாதவர் இல்லை. ஒருவருடைய மதிப்பு அவருடைய உயரத்தில் இல்லை என்பதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆயினும், ஒரு குழந்தை ஏன் வளரவில்லை என்று கேட்க வேண்டிய இடத்திலும் இப்பழமொழியைச் சொல்லி நாம் பேசாமல் இருந்துவிடலாமா? குள்ளமாக இருப்பது வேறு. வளராமல் நிற்பது வேறு. முன்னதற்கு மருந்து வேண்டாம். பின்னதற்கு மருந்து உண்டு. ஆனால் அந்த மருந்து தேவை இருக்கும் இடத்துக்குப் போகாமல், பெருமை இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது என்பதே என் கருத்து.

நம் மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவே உள்ள சுரப்பி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பிட்யூட்டரி. அது சுரக்கும் பல ஹார்மோன்களுள் ஒன்றுதான் வளர்ச்சி ஹார்மோன். நாம் ஆழ்ந்து உறங்கும் வேளையில்தான் இது மிகுதியாகச் சுரக்கிறது. எலும்புகளின் முனையில் உள்ள குருத்தெலும்பை வளரச் செய்து நம்மை உயர்த்துவது இதுவே. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இது போதிய அளவு சுரப்பதில்லை. வேறு சிலருக்கு மூளையில் ஏற்படும் கட்டியினால் பின்னர் குறைந்துவிடுகிறது. இக்குறை ஏறத்தாழ 4,000 முதல் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு உண்டு என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இவர்களுடைய அறிவுக்குப் பொதுவாக எக்குறையும் இல்லை. உடலின் அமைப்பும் அளவோடுதான் இருக்கும். வளர்ச்சியின் வேகம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும்.

இதற்கு மருந்து கண்ட கதை வியப்பும் வேதனையும் கலந்தது. நீரிழிவு நோயாளிகளுக்கு மாட்டிலிருந்து எடுத்த இன்சுலின் பயன்பட்டது. ஆனால் மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் மனிதனிடம் வேலை செய்யவில்லை. மனிதனுக்கு மனிதனுடையதே வேண்டியிருந்தது. 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் மாரிஸ் ராபென் என்பவர், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனை 17 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கொடுத்ததில் அவன் வளர்ந்தான் என்ற செய்தியை வெளியிட்டார். 1963ஆம் ஆண்டு அந்நாட்டில் பிட்யூட்டரிகளைச் சேகரிப்பதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் அமைந்தது. அடுத்த 22 ஆண்டுகளில் அங்கு ஏறக்குறைய 7,700 குழந்தைகள் இம்மருந்தைப் பெற்றனர்.

1985ஆம் ஆண்டு பேரிடி விழுந்தது. முன்பு இந்த ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள், மூளையை அரிக்கும் குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்னும் நோயால் இறந்தது தெரியவந்தது. சேகரித்த சுரப்பிகளில் சில, அந்நோய் கண்டு இறந்தவர்களுடையவை. நோயின் விதை ஊசி வழியே ஏறி, பல ஆண்டுகள் உள்ளே உறங்கிக் கிடந்து, பிறகு கொன்றது. பிரான்சில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். வளர வேண்டும் என்ற ஆசையுடன் கை நீட்டிய பிள்ளைகள், வளர்ந்து ஆளான பருவத்தில் மடிந்தார்கள். இந்த வரலாற்றை அறிந்த எவரும் வளர்ச்சி ஹார்மோனை ஒரு டானிக் போல எண்ண மாட்டார்கள்.

நல்லவேளையாக அதே 1985ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில், இறந்தவர் உடலை நாடாமல் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த ஹார்மோனுக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. இப்புதிய மருந்தில் அந்தப் பழைய ஆபத்து இல்லை. ஆனால் வேறொரு சிக்கல் பிறந்தது. முன்பு மருந்து அரிதாக இருந்தது. ஆகவே மிகவும் தேவைப்பட்டோருக்கே கிடைத்தது. இப்போது வேண்டிய மட்டும் செய்யலாம். அப்படியானால், ஹார்மோன் சரியாகச் சுரந்தும் குள்ளமாக இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தால் என்ன?

இதை அறிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் ஓர் ஆராய்ச்சி நடத்தியது. மிகக் குள்ளமான 68 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும், மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் ஊசியும் வாரம் மூன்று முறை எனப் பல ஆண்டுகள் போட்டனர். 1992ஆம் ஆண்டு இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. நோயற்ற குழந்தைகளை இப்படிக் குத்தலாமா என்று கேட்டார்கள். ஆராய்ச்சி சிறிது காலம் நின்று, ஆய்வுக் குழுவின் அனுமதியுடன் மீண்டும் தொடர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்காமல் உண்மை தெரியாது என்பது ஆராய்ச்சியாளர் தரப்பு நியாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2004ஆம் ஆண்டு வெளியான விடை என்ன? மருந்து பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 3.7 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தனர். ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் அகலம்! ஆயினும் அந்த விடை அச்சேறுவதற்கு முன்பே, 2003ஆம் ஆண்டில், காரணம் அறியாத குள்ளத்துக்கும் இம்மருந்தைக் கொடுக்க அங்கு அனுமதி கிடைத்துவிட்டது. இப்படி ஓர் அங்குலம் வளர்வதற்கு 50,000 டாலருக்கு மேல் செலவாகும் என்று 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நோயில்லாத பிள்ளைக்கு இத்தனை ஊசியும் இத்தனை பணமும் தேவையா என்பதைப் பெற்றோர்களே கூறட்டும்.

உண்மையாகவே ஹார்மோன் குறைந்த குழந்தைக்கோ இது பெரும் வரம். 2021ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இக்குறையுள்ள 161 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு முறை போடும் புதிய ஊசியும், மற்றவருக்கு வழக்கமான தினசரி ஊசியும் தரப்பட்டன. ஓராண்டில் முன்னவர் 11.2 சென்டிமீட்டரும் பின்னவர் 10.3 சென்டிமீட்டரும் வளர்ந்தனர். இங்கே எந்தக் குழந்தைக்கும் வெறும் ஊசி போடவில்லை. பலன் தெரிந்த மருந்து ஏற்கெனவே கையில் இருந்ததால் அதனோடேயே ஒப்பிட முடிந்தது. ஆண்டுக்கு 365 ஊசி என்பது 52 ஆகக் குறைவது, ஊசியைக் கண்டால் ஓடும் நம்மைப் போன்றவர்களுக்குச் சிறிய செய்தியா?

தோழியரே, இனி நான் சொல்லப்போவது நம்மைப் பற்றியது. மேலே கூறிய 68 குழந்தைகளில் 53 பேர் ஆண்கள். 15 பேரே பெண்கள். குள்ளம் ஆண்களை மட்டும் தேடிப் போகிறதா என்ன? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர மருத்துவர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. சரியாக வளரவில்லை என்று அவர்களிடம் அனுப்பப்பட்ட குழந்தைகளில் ஆண்கள் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் உண்மையில் ஏதேனும் நோய் இருந்தது எத்தனை பேருக்கு? ஆண்களில் நூற்றுக்கு 15 பேருக்கு. பெண்களில் நூற்றுக்கு 41 பேருக்கு! நலமாக உள்ள மகனைக் கவலையோடு அழைத்துச் செல்கிறார்கள். நோயுள்ள மகளோ வீட்டிலேயே இருந்துவிடுகிறாள்.

இது அந்நாட்டு வழக்கம் மட்டும்தானா? மகன் வளரவில்லை என்றால் “நாளைக்கு நாலு பேர் மதிப்பார்களா?” என்று கேட்கிறோம். மகள் வளரவில்லை என்றால் “அவள் அம்மாவைப் போல” என்கிறோம். “மாப்பிள்ளை தேடச் சுலபம்” என்று சிரிக்கவும் செய்கிறோம். பெண்களுக்கு மட்டுமே வரும் டர்னர் என்னும் குரோமோசோம் குறைபாட்டுக்குக் குள்ளமே முக்கிய அறிகுறி. அதற்கும் வளர்ச்சி ஹார்மோன் பயன் தருகிறது. இதயமும் சிறுநீரகமும்கூட அதில் பாதிக்கப்படலாம் என்பதால் காலத்தில் கண்டுபிடிப்பது மிக அவசியம். மேலும், பெண்கள் பருவமடைந்த சில ஆண்டுகளில் எலும்பின் முனைகள் மூடிக்கொள்கின்றன. அதன்பின் எந்த ஊசியாலும் பயனில்லை. நமக்கு உள்ள காலமோ குறைவு. நம்மைக் கவனிப்பதோ தாமதம்.

“எல்லாக் குள்ளப் பெண்களையும் ஆஸ்பத்திரிக்கு இழுக்கச் சொல்கிறாயா?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. குள்ளமான குழந்தைகளில் பெரும்பாலோர் பெற்றோரைப் போலக் குள்ளமானவர்கள், அல்லது சற்றுத் தாமதமாக வளர்பவர்கள். சிலருக்குச் சத்துணவுக் குறைவோ, இரத்த சோகையோ, தைராய்டு குறைவோ காரணமாக இருக்கலாம். வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று முடிவு கட்ட, இடது கையின் எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள். ஹார்மோனைத் தூண்டி, பல முறை இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். இவையெல்லாம் டாக்டர்களின் வேலை. நம் வேலை எளியது: அளப்பது. நான்கு வயதிலிருந்து பருவமடையும் வரை ஒரு குழந்தை ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்வது வழக்கம். 4 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். “உனக்கு ஊசி வேண்டாம், நீ நலமாகவே வளர்கிறாய்” என்று ஒரு சிறுமிக்குத் துணிந்து சொல்வதற்கும் இந்த அளவுதானே ஆதாரம்?

நம் முன்னேற்ற அறிக்கையில் உயரம், எடை என்று இரண்டு கட்டங்கள் உண்டு. மதிப்பெண்களைப் பத்து முறை பார்க்கும் கண்கள் அவற்றைப் பார்ப்பதே இல்லை. ஆண்டு முடிந்ததும் அறிக்கை பழைய பேப்பர்க்காரரிடம் போய்விடுகிறது. ஓர் ஆண்டின் உயரம் எதையும் சொல்லாது. சென்ற ஆண்டின் உயரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது பேசும். ஆகவே, ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஒவ்வொரு மாணவிக்கும் ஒரே அட்டையில் ஆண்டுதோறும் உயரத்தைக் குறித்து வரவேண்டும் என்று நம் சகோதரிகளையும், அந்த அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று பெற்றோர்களையும் பணிவுடன் வேண்டுகிறேன். ஒரு நாடாவும் ஒரு பென்சிலும் போதும். கடுகின் காரத்தைப் புகழ்வோம். அதற்கு முன், அது ஏன் சிறுத்தது என்று ஒருமுறை கேட்டுவிடுவோம்.