விளையாட்டில் தொடங்கட்டும் நிரலாக்கம்

நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கச் செயல்பாடுகள் அறிமுகப்படுத்தப்பட வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. அடுத்த ஆண்டே மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஆறாம் வகுப்பு முதல் அதற்கான பாடத்தை வகுத்தது. அக்கொள்கையின் பல கூறுகளைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஆனால், கணினி அறிவு பள்ளிப் பருவத்திலேயே வாய்க்க வேண்டும் என்பதில் இங்கும் இரு கருத்துகள் இல்லை. எதைக் கொண்டு தொடங்குவது என்பதே கேள்வி.

இக்கேள்விக்குச் சந்தை முந்திக்கொண்டு விடை சொன்னது. பொதுமுடக்கக் காலத்தில், நிரல் எழுதக் கற்ற சிறுவர்களைக் கோடிகளில் ஊதியம் தேடி வரும் என்ற தொனியில் விளம்பரங்கள் பெருகின. விளம்பரத் தரநிலை மன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகே அவற்றுள் சில திரும்பப் பெறப்பட்டன. பெற்றோரின் அச்சத்தை மூலதனமாக்கிய அந்த வணிகம், நிரலாக்கம் என்பது விலை கொடுத்து வாங்க வேண்டிய பண்டம் என்ற எண்ணத்தை விதைத்துச் சென்றது.

உண்மையில், தொடக்கநிலை நிரலாக்கத்துக்குத் தேவைப்படுவது மிகக் குறைவு. ஓர் எளிய விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கணினி 1 முதல் 100 வரையிலான எண்களில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்கிறது. மாணவர் ஊகித்துச் சொல்லும் எண் பெரிதா, சிறிதா என்று மட்டும் அது விடையளிக்கும். பைத்தான் மொழியில் இதற்குப் பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். மதிப்பைச் சேமித்தல், உள்ளீடு பெறுதல், நிபந்தனை இடுதல், விடை கிடைக்கும்வரை திரும்பச் செய்தல் ஆகிய நான்கு அடிப்படைகளும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

அடுத்து, எத்தனை முயற்சியில் விடையை உறுதியாகக் கண்டுபிடிக்கலாம் என்று கேட்டுப் பார்க்கலாம். முதலில் 50, பிறகு 25 அல்லது 75 என்று ஒவ்வொரு முறையும் எஞ்சிய எண்களைப் பாதியாக்கினால் ஏழு முயற்சிகள் போதும். ஆயிரம் எண்களுக்குப் பத்து. பத்து லட்சத்துக்கு இருபது. பெருந்தரவுகளில் தேடும் முறைகளின் அடிப்படைக் கருத்து ஒன்றை, அதன் பெயரைக்கூட அறியாமல் பன்னிரண்டு வயதுச் சிறுமி தானே கண்டடைகிறாள்.

இது புதிய சிந்தனையும் அன்று. குழந்தைகளுக்கென்றே 1967-இல் உருவாக்கப்பட்ட நிரல்மொழி ‘லோகோ’. அதன் படைப்பாளிகளுள் ஒருவரான சீமோர் பேப்பர்ட், நிரலில் நேரும் பிழையைக் குற்றமாகப் பார்க்காமல், ஆராய்ந்து திருத்த வேண்டிய ஒன்றாகக் குழந்தை பார்க்கப் பழகுவதையே பெரும்பேறாகக் கருதினார். அந்த மரபில் வந்ததே, 2007-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’. கட்டளைக் கட்டங்களை அடுக்கியே அதில் விளையாட்டுகளை உருவாக்கலாம், கட்டணம் ஏதுமில்லை. பிழை செய்தால் மதிப்பெண் குறையும் என்றே பழகிய நம் வகுப்பறைகளுக்கு இந்த மனமாற்றம் மிகவும் தேவை.

கணினியே இல்லாத பள்ளிகள் என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. 2023-24 கல்வியாண்டுக்கான மத்திய அரசின் தரவுகளின்படி, நாட்டில் ஏறத்தாழ 57 விழுக்காட்டுப் பள்ளிகளில்தான் கணினி உண்டு. ஆனால், எண் ஊகிக்கும் விளையாட்டை இரு மாணவர்கள் எதிரெதிரே அமர்ந்தும் ஆடலாம். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த ஒரு கற்பித்தல் முறை, புள்ளியிட்ட ஐந்து அட்டைகளைக் கொண்டே இரும எண்களைக் கற்றுத்தருகிறது. நம் பல்லாங்குழியும் அத்தகையதே: குழிக்கு ஒரு காயாக இட்டுச் செல்வது திரும்பச் செய்யும் கட்டளை, அடுத்த குழி வெறுமையா என்று பார்ப்பது நிபந்தனை. ஆட்ட விதிகளைப் படிப்படியாக, ஐயத்துக்கு இடமின்றி எழுதச் சொன்னால் அதுவே முதல் நிரல்.

ஏற்கெனவே கைப்பேசி விளையாட்டில் மூழ்கிய பிள்ளைகளுக்கு மேலும் விளையாட்டா என்று பெற்றோர் அஞ்சலாம். பிறர் வகுத்த விதிக்குள் ஆடுவதும், விதியைத் தானே வகுப்பதும் ஒன்றல்ல. செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும் காலத்தில் இது எதற்கு என்ற வினாவுக்கும் விடை உண்டு. இயந்திரம் எழுதியது சரியா என்று தீர்மானிக்கவும், வேண்டியதைத் தெளிவாகக் கேட்கவும் தெரிந்தவருக்கே அக்கருவி பயன்படும். மற்றவர்கள் அது தருவதை அப்படியே ஏற்க நேரும்.

எனவே, அரசு செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஆய்வகங்களுக்கு ஒதுக்கும் நிதியோடு ஆசிரியர் பயிற்சிக்கும் உரிய பங்கு அளிப்பது; பூட்டிய அறையில் உள்ள கணினி எதையும் கற்பிக்காது. இரண்டாவது, பயிற்சி ஏடுகளைத் தமிழில் தருவது. ‘எழில்’ போன்ற தமிழ் நிரல்மொழி முயற்சிகள் இதற்கு வழிகாட்டும். மூன்றாவது, தொடக்க ஆண்டுகளில் இதற்குத் தேர்வு வைக்காமலிருப்பது. வரையறைகளை மனப்பாடம் செய்யும் இன்னொரு பாடமாக இது மாறினால், வசதியுள்ள பிள்ளைகள் தனி வகுப்புக்குச் செல்வர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எஞ்சுவது மதிப்பெண் பட்டியலில் மேலும் ஒரு வரி மட்டுமே.