வெள்ளவத்தைக் கடைகள் சொல்லும் பாடம்

கொழும்பு நகரின் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது வெள்ளவத்தை. ஒரு புறம் கடல்; கடலை ஒட்டியபடி ரயில் பாதை. மறு புறம் காலி வீதி. அந்த வீதியின் இரு மருங்கிலும், அதிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும் நூற்றுக்கணக்கான சிறு கடைகள். பெரும்பாலானவை தமிழர் கடைகள். சிங்களவர் கடைகளும் முஸ்லிம்கள் கடைகளும் அவற்றோடு தோளுரசி நிற்கின்றன.

கடல் கடந்த ஊரின் கடைத்தெருவைப் பற்றி நமக்கென்ன என்று கோவை ஆலைத் தொழிலாளி கேட்கலாம். தஞ்சை விவசாயக் கூலியும் கேட்கலாம். நமக்கு நிறையவே உண்டு. தஞ்சையிலும் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் பஞ்சம் பிழைக்கப் போன கூலிகளின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் கடைகளில் மூட்டை இறக்குகிறார்கள். ஆலைத் தொழிலாளர் வரலாற்றில் வெள்ளவத்தைக்கும் ஒரு பக்கம் உண்டு.

முதலில் கடைகளைப் பார்ப்போம். இங்கே ஒரு பலசரக்குக் கடை. யாழ்ப்பாணத்து ஒடியல், பனங்கட்டி, மோர் மிளகாய், கருவாடு, நல்லெண்ணெய் எல்லாம் வாசலிலேயே கிடைக்கும். நூறு கிராம் சீனி கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துத் தருவார்கள். பக்கத்தில் சைவக் கடை. காலை ஐந்து மணிக்கே இடியப்பமும் சம்பலும் தயார். அடுத்தது புடவைக் கடை, அதற்கடுத்தது நகைக் கடை, பிறகு பேக்கரி, தையல் கடை, பூமாலைக் கடை. பொழுது சாய்ந்தால் கொத்து ரொட்டி தட்டும் ஓசை வீதியெங்கும் கேட்கும். இரவானால் யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் புறப்படும்.

இந்தப் பனங்கட்டியைக் காய்ச்சியவர் யார்? வடக்கே ஒரு பனைத் தொழிலாளி. மிளகாயை விளைவித்தவர் யார்? கிணற்றடியில் தோட்டம் செய்யும் ஒரு சிறு விவசாயி. லாரிக் கணக்கில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் சரக்குக் கேட்கும் பெரிய கம்பெனியின் வாசலில் இவர்கள் நிற்க முடியாது. ஒரு மூட்டை, அரை மூட்டை என்று வாங்கிக்கொள்ளச் சிறு கடைதான் இருக்கிறது. அந்தக் கடை மூடினால் கடைக்காரர் மட்டும் அழியவில்லை. அதன் பின்னால் நிற்கும் பனையும் கிணறும் அழிகின்றன.

அந்தத் தெருவின் பழைய கதையையும் சொல்ல வேண்டும். இலங்கையின் மிகப் பெரிய நூற்பு நெசவாலை ஒரு காலத்தில் வெள்ளவத்தையில்தான் இருந்தது. 1933இல் அங்கே கூலி வெட்டை எதிர்த்துப் பெரும் வேலை நிறுத்தம் வெடித்தது. மலையாளத் தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் அவர்களுக்குச் சங்கம் அமைத்தனர். அன்றைய பெரிய தொழிற்சங்கத் தலைவர் ஏ.இ. குணசிங்க என்ன செய்தார்? வேலை நிறுத்தத்தை எதிர்த்தார். மலையாளி அந்நியன், அவன் உன் வேலையைப் பறிக்கிறான் என்று பிரச்சாரம் செய்தார். கூலியை வெட்டியவன் முதலாளி. பழி விழுந்ததோ பக்கத்துத் தறிக்காரன் மேல்! இந்தத் தந்திரம் அன்றோடு முடியவில்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலையில், அதே தந்திரம் தீப்பந்தமாக வந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எது தமிழர் வீடு, எது தமிழர் கடை என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். கொழும்பெங்கும் எரிந்தது, வெள்ளவத்தையும் எரிந்தது. உயிர் தப்பியவர்கள் கப்பல் ஏறி வடக்கே போனார்கள். தமிழர் நடத்திய ஆலைகளும் சாம்பலாயின. அவற்றில் வேலை செய்த சிங்களத் தொழிலாளரும் தெருவுக்கு வந்தார்கள். அன்றைய ஜெயவர்த்தனா சர்க்கார் குற்றவாளிகளைப் பிடித்ததா? இல்லை. இடதுசாரிக் கட்சிகள் மூன்றைத் தடை செய்து, பழியை அவற்றின் தலையில் போட்டது!

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1980 ஜூலையில், சம்பள உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்த பல்லாயிரம் ஊழியரை இதே சர்க்கார்தான் வேலையிலிருந்து விரட்டியது. தொழிலாளியின் கூட்டு பலத்தை உடைத்த கை, இனத் தீயை அணைக்க நீளவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

ஆனாலும் வெள்ளவத்தை சாகவில்லை. எரிந்த சுவருக்கு வெள்ளையடித்து மறுபடியும் கடை திறந்தார்கள். தீயால் முடியாததை இன்று வேறொன்று செய்யப் பார்க்கிறது. 2022இல் இலங்கையின் அந்நியச் செலாவணி வறண்டது. ஒரு டாலருக்கு 200 ரூபாய் என்றிருந்தது சில மாதங்களில் 360 ரூபாய் ஆயிற்று. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. பிறகு மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் ஏற்றப்பட்டது. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 2024 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 15இலிருந்து 18 சதவீதமாயிற்று.

இந்தச் சுமை எல்லோர் மேலும் ஒரே மாதிரியா விழுந்தது? பெரிய கம்பெனியின் சூப்பர் மார்க்கெட்டுக்குச் சொந்தமாக ஜெனரேட்டர் உண்டு, கிடங்கு உண்டு, பாங்கிக் கடன் உண்டு. சிறு கடைக்காரருக்கு இருப்பது ஒரு குளிர்பெட்டியும் ஒரு கடன் கொப்பியும்தான். குளிர்பெட்டி அணைந்தால் சரக்கு கெடும். வாடிக்கைக்காரர் கடன் கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது. சூப்பர் மார்க்கெட்டுக்குக் கடன் கொப்பி கிடையாது. கையில் காசில்லாத ஏழை அங்கே வாடிக்கைக்காரர் ஆக முடியாது.

நிலமும் கைமாறுகிறது. வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுகின்றன. கடை வாடகையும் ஏறுகிறது. 1933இல் தொழிலாளர் போராடிய அந்த ஆலை நிலத்திலேயே இன்று பணக்காரருக்கான மாடிக் குடியிருப்புகளும் வணிக வளாகமும் நிற்கின்றன. ஆலைச் சங்கு ஊதிய இடத்தில் கார்கள் நிறுத்துகிறார்கள்!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறு கடைக்காரரை நாம் தேவராக்கவில்லை. அந்தக் கடைகளில் வேலை செய்கிறவர்களில் பலர் மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். விடியுமுன் கடை திறந்து, இரவு பூட்டிவிட்டு, கடை மாடியிலேயே படுத்துறங்கும் பையன்கள் உண்டு. தமிழ் முதலாளி, தமிழ்ப் பையன், மொழி ஒன்றுதான். ஆனால் மொழி வயிற்றை நிரப்பாது. கடை, காரியாலய ஊழியர்களுக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி வேலை என்ற சட்டம் இலங்கையில் 1954இலேயே வந்துவிட்டது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. கடைப் பையனின் கைக்கு வர வேண்டும்.

எனக்கே பிழைப்பில்லை, நான் எப்படிக் கொடுப்பேன் என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை பையனின் கூலியில் இல்லை. மின் கட்டணத்திலும் வாடகையிலும் வரியிலும் வட்டியிலும் இருக்கிறது. மேலே இருந்து அமுக்குகிறவனோடு போராடத் துணிவில்லாமல், கீழே நிற்கிறவனைக் கசக்கினால் கடை பிழைக்காது. தன்னிடம் வேலை செய்கிறவனும் தன்னிடம் கடன் வாங்குகிறவனும்தான் தனக்குத் துணை என்பதை அவர் உணர வேண்டும்.

தொழிலாளியும் தன் பங்குக்கு ஒன்றை உணர வேண்டும். ஆலை கதவடைத்த நாளில் நமக்கு அரிசி கொடுத்து, கொப்பியில் எழுதிக்கொண்டது எந்தக் கடை? நம் தெருக்கோடிச் சிறு கடைதான். நமது நாட்டிலும் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய மூலதனத்துக்கு 2012இல் கதவு திறந்துவிட்டார்கள். வெள்ளவத்தையின் கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

ஆகவே நாம் சொல்லுகிறோம்: சிறு கடைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் மின்சாரம் வேண்டும். கந்து வட்டியிலிருந்து மீள பாங்கிக் கடன் வேண்டும். வாடகைக்கு உச்சவரம்பு வேண்டும். கடை ஊழியருக்கு எட்டு மணி வேலையும் சட்டப்படிச் சம்பளமும் வேண்டும். இவற்றில் ஒன்றைப் பிடித்து மற்றொன்றை விட முடியாது.

பக்கத்துக் கடைக்காரன் பேசும் மொழி உன் எதிரி என்று யாராவது சொல்ல வந்தால், அவன் சட்டைப் பையில் யார் பணம் இருக்கிறது என்று கேளுங்கள். வெள்ளவத்தை அந்தக் கேள்வியை 1933இல் ஒரு முறை கேட்டது. 1983இல் கேட்க ஆளில்லாமல் எரிந்தது. நாம் கேட்கத் தவறக் கூடாது.