மனையும் பள்ளியும்: ஒரு சொல்லால் வந்த வினை



மரைன் ஹில்லில் எம் இல்லத்தில் நிகழ்ந்ததை இப்பகுதியில் எழுதச் சற்றுத் தயங்கினேன். பெற்ற பிள்ளையின் கதையை ஊரறியச் சொல்வது முறையா? ஆயினும் இதே மனத்தாங்கல் வேறு இரு தமிழ்க் குடும்பங்களிலும் நேர்ந்ததென்று அறிந்தபின் தயக்கம் நீங்கிற்று.

ஐந்தாம் வகுப்பில் பயிலும் என் மூத்த மகன், பள்ளி திறந்த சில நாட்களில், ஆசிரியை கேட்டதொரு கேள்விக்கு, "தும் கல் போலா" என்றான். நேற்று நீங்கள்தாமே சொன்னீர்கள் என்பது அவன் கருத்து. வட மாநிலத்தினின்று வந்த அவ்வம்மையாரோ முகஞ்சிவந்து, பெரியோரிடம் பேசத் தெரியாதவன் என்று கடிந்து, அப்பாடவேளை முழுதும் அவனை வாயிற்புறத்தே நிறுத்திவிட்டார். நாட்குறிப்பேட்டிலும் எழுதியனுப்பினார். அதைப் படித்த நான் செய்ததென்ன? விசாரணையின்றித் தீர்ப்பளித்தேன். "ஆசிரியையை எதிர்த்துப் பேசினாயா? இனி வகுப்பில் வாயைத் திறவாதே" என்று அதட்டினேன். பிள்ளையும் சொற்படி நடந்தான். வினை அங்கேதான் தொடங்கிற்று.

அவன் செய்த பிழை யாது? இந்தியில் முன்னிலைக்குத் தூ, தும், ஆப் என மூன்று சொற்கள். நமக்கும் நீ, நீர், நீங்கள் என மூன்றுண்டு; எனினும் நடுவிலுள்ள 'நீர்' இன்று நெல்லைச் சீமை போன்ற சில இடங்களின் பேச்சில்தான் வழங்குகிறது. ஆகவே நம் குழந்தைகளின் மனத்தில் இரண்டே படிகள். 'தூ' நீ எனில், 'தும்' நீங்களாகத்தானே இருக்கவேண்டும்! மேலும், இத்தீவுகளின் பொதுமொழியாகிய இந்தியை அவன் கற்றது விளையாட்டுத் திடலிலும் கடைத்தெருவிலும். அங்கே எவரையும் 'தும்' என்பது குற்றமன்று. ஏட்டு இந்தியில் ஊறிய செவிக்கோ அது சுடுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வங்காளம் பேசுவோர் நூற்றுக்கு 28 பேர், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. ஒரே வகுப்பறையில் எத்தனை வகை மரியாதைகள் கூடியிருக்கும்!

அண்டை வீட்டு வங்காளப் பாட்டியம்மையாரிடம் என் மனைவி இதைச் சொல்ல, அவர் வாய்விட்டு நகைத்தார். அவர்கள் மொழியிலும் துய், துமி, ஆப்னி என மூன்று படிகளாம். ஆனால் தாகூர் 1901இல் தொடங்கிய சாந்திநிகேதனப் பள்ளியில் ஆசிரியர்களை அண்ணன், அக்காள் என்று பொருள்படப் பெயரோடு 'தா', 'தி' சேர்த்து அழைப்பது வழக்கம். எங்கள் ஊரில் வாத்தியாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் என்ன கிடைக்கும் என்பதை என் முதுகு அறியும்.

நிற்க. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 40க்கு 11 பெற்று வந்தான். பின்னங்களைக் கூட்டும் முறை முதல் நாளே விளங்கவில்லையாம். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்கள்தானே அப்பா, வாயைத் திறவாதே என்றீர்கள்" என்றான். எனக்கு மறுமொழி எழவில்லை.

கைகட்டித் தலைகுனிந்து நிற்பதை அடக்கம் என்று நாம் பழக்குகிறோம். நம் முன்னோர் அவ்வளவோடு நிறுத்தினாரல்லர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூற் பாயிரம், குளிர்காய்வோன் தீயிடத்து நிற்பதுபோல் மிக விலகாமலும் மிக நெருங்காமலும் ஆசிரியரிடத்து மாணாக்கன் நிற்கவேண்டும் என்கிறது. அதே பாயிரம் ஐயம் கேட்பதையும், கேட்டதற்கு விடை கூறுவதையும் அவன் கடமையாக்குகிறது. முன்னதை மட்டும் பற்றிக்கொண்டோம் போலும்.

குழந்தையை அவமதித்து மனம் நோகச் செய்வதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது, முறையீடு கொடுங்கள் என்று மைத்துனர் வற்புறுத்தினார். சட்டம் வேண்டுவதே. ஆயினும் முதற்குற்றவாளி நானாயிருக்க, எம்முகத்தோடு முறையிடுவது? பெற்றோர் கூட்டத்திற்குச் சென்று, நீ, நீர், நீங்கள் கதையை எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. "அவன் தலைகுனிந்து நின்றதைப் பிணக்கம் என்றல்லவா எண்ணினேன்" என்றார்.

ஒரு வாரம் இரவுணவின்போது வீட்டில் அனைவரும் 'ஆப்' என்றே பேசிப் பழகினோம். இளையவள் பூனையையும் 'ஆப்' என்கிறாள். சென்ற வியாழனன்று மகன் பின்னக் கணக்கில் இருமுறை ஐயம் கேட்டானாம். இரண்டாம் முறை வாய்தவறித் 'தும்' என்றே வந்துவிட்டதாம். ஆசிரியை சிரித்துவிட்டு, கணக்கை மீண்டும் கரும்பலகையில் எழுதினாராம்.