கொழுப்புப் பொட்டலத்தில் ஒரு ஜீன்

தில்லி சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் எய்ம்ஸ் மருத்துவமனை. அபூர்வ நோய்களுக்கு மத்திய அரசு அறிவித்த சிறப்பு மையங்களில் அதுவும் ஒன்று. டுஷேன் தசைச் சிதைவு நோய் கண்ட பையன்களைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வந்து சேரும் இடம். ஓடி விளையாடிய பையன் பத்துப் பன்னிரண்டு வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறான். காரணம், டிஸ்ட்ரோபின் என்ற ஒரே ஒரு புரதம் இல்லாததுதான். அதற்கான ஜீனை ஊசியில் ஏற்ற முடியாதா?

அமெரிக்காவில் ஏற்றுகிறார்கள். 2023-ல் அங்கே அனுமதி பெற்ற எலிவிடிஸ் மருந்தில் ஜீனைச் சுமப்பது ஒரு வைரஸ். அதற்குள் முழு ஜீன் கொள்ளாது. சுருக்கிய ஜீன்தான் போகிறது. விலை 32 லட்சம் டாலர். நம் அரசு 2022-ல் உயர்த்தி அறிவித்த உச்ச உதவியோ 50 லட்சம் ரூபாய். 2025-ல், இந்த மருந்து பெற்ற சிறுவர்கள் இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்த செய்தியும் வந்தது.

வைரஸுக்கு மாற்று, செயற்கைக் கொழுப்பு. டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம், இந்தக் கொழுப்புக்கு நேர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டு பொட்டலமாகின்றன. பெரிய ஜீனும் அடங்கும். 1987-ல் அமெரிக்காவில் ஃபெல்க்னர் குழு இதைச் செய்து காட்டியது. ஹைதராபாத் ஐ.ஐ.சி.டி.யிலும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யிலும் இத்தகைய கொழுப்புகளை உருவாக்கியிருக்கிறார்கள். 2022-ல் அனுமதி பெற்ற புனே ஜென்னோவாவின் கோவிட் தடுப்பூசியில் ஆர்.என்.ஏ.வுக்குத் துணை போனதும் இந்த ரகக் கொழுப்புதான்.

பிறகென்ன தாமதம்? தடுப்பூசிக்குத் தோளில் கொஞ்சம் செல்கள் போதும். இந்த நோய்க்கோ இதயம் உட்பட உடம்பின் எல்லாத் தசைகளுக்கும் ஜீன் போய்ச் சேர வேண்டும். ரத்தத்தில் விட்டால் பொட்டலத்தின் மேல் புரதங்கள் அப்பிக்கொள்கின்றன. பெரும்பகுதி நுரையீரலிலும் கல்லீரலிலும் தங்கிவிடுகிறது. தசையிலேயே குத்தினாலும் நாருக்கு நார் பரவுவதில்லை. 1990-ல் விஸ்கான்சினில் எலியின் தசையில் கொழுப்பின் துணையே இல்லாமல் வெறும் டி.என்.ஏ. வேலை செய்தது விஞ்ஞானிகளுக்கே வியப்பு. ஆனால் அதுவும் ஊசி குத்திய இடத்தோடு சரி.

ஆகவே 'ஜீன் ஊசி' என்று யாராவது பணம் கேட்டால் பெற்றோர் நிதானிக்க வேண்டும். முறையான பரிசோதனை தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். அதில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. இன்றைக்குக் கைக்கு எட்டுகிறவை ஸ்டீராய்டும் பிசியோதெரபியும். அவை நோயைத் தீர்ப்பதில்லை. பையன் நடக்கும் காலத்தைக் கொஞ்சம் நீட்டித் தருகின்றன. அந்தக் காலத்துக்குள் மலிவான பொட்டலம் ஒன்று தயாராக வேண்டும். நம் ஆய்வுக்கூடங்களுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது.