நீரிழிவும் நாட்கூலியும்

ஐம்பதைக் கடந்த ஊழியர் நீரிழிவுக்கு ஆளாகாதிருக்க நடக்க வேண்டுமாம். சோற்றைக் குறைக்க வேண்டுமாம். நல்ல உபதேசந்தான். யாருக்கு? ஆலையடிவேம்பின் எழுதுவினைஞருக்கு அது பொருந்தும். வரப்பு வெட்டி, நெல்மூடை சுமந்து, சோற்றை நம்பியே உழைப்பவருக்கு?

2011 முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் நிறுவிய ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் இரத்தச் சர்க்கரையை இலவசமாகவே சோதிக்கின்றன. வரவேற்கிறோம். ஆனால் வேலைநாட் காலையில் அங்கே காத்திருப்பவர் அன்றைய கூலியை இழக்கிறாரே! ஆண்கள் வருவது குறைவு என்றதும் அலட்சியம் என்று பழிக்கிறார்கள். இழந்த கூலியை யார் கொடுப்பது என்று கேட்பாரில்லை.

தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 என 2021-இல் சட்டம் வகுத்தது. அறுபதுவரை உழைப்பைப் பெறும் முதலாளி, சோதனைக்கான நேரத்தையும் கூலியோடு தரட்டும் என்கிறோம். நிரந்தர முதலாளியே இல்லாத வயற்கூலியைத் தேடி வைத்தியரும் தாதியும் மாலை வேளையில் ஊர்ச் சந்திக்கே வரட்டும்.